குடித்த பாலெல்லாம் பீறிட்டு வெளியே வருகிறது: கைக்குழந்தையின் இரைப்பை வாய் அடைப்பு பற்றிய கேள்விகளும் பதில்களும்

பிறந்து இரண்டு மூன்று வாரம் நன்றாகப் பால் குடித்த குழந்தை, பிறகு ஒவ்வொரு முறையும் குடித்ததை முழுவதுமாக வாந்தியெடுத்து எடை இறங்கினால் முதலில் நினைக்க வேண்டிய நோய் பைலோரிக் ஸ்டெனோசிஸ் எனப்படும் இரைப்பை வாய் அடைப்பு. அரை மணி நேர அறுவை சிகிச்சையில் முழுதாகக் குணமாகிவிடும். ஆனால் கண்டுபிடிக்கத் தாமதமானாலும், ரத்தத்தின் உப்புகளைச் சரிசெய்யாமல் அவசரப்பட்டு அறுத்தாலும் குழந்தைக்கு ஆபத்து. பெற்றோருக்கும், கிராமச் செவிலியருக்கும், இந்தக் குழந்தைகளை முதலில் பார்க்கும் மருத்துவர்களுக்கும் பயன்படும்படி இதை எழுதியிருக்கிறோம்.

வயிற்றுக்குள் என்ன நடக்கிறது?

இரைப்பையிலிருந்து முன்சிறுகுடலுக்குப் பால் இறங்கும் வாசலுக்குப் பைலோரஸ் என்று பெயர். அதைச் சுற்றியுள்ள வளையத் தசை பருத்து நீள்வதால் நடுவிலுள்ள பாதை குறுகிவிடுகிறது. இரைப்பை எவ்வளவு முயன்று தள்ளினாலும் பால் கீழே இறங்காமல் மேலே வருகிறது.

பிறவி நோய் என்று சொன்னாலும் பிறந்த அன்று இந்தத் தசை பெரும்பாலும் இயல்பாகவே இருக்கிறது. பிந்தைய வாரங்களில்தான் பருக்கிறது. வாந்தி வழக்கமாக 3 முதல் 6 வாரத்துக்குள் தொடங்கும். 12 வாரத்துக்குப் பிறகு புதிதாகத் தொடங்குவது அரிது. குறைமாதக் குழந்தைகளுக்குச் சற்றுத் தாமதமாக வரலாம்.

யாருக்கு அதிகம் வருகிறது?

பெண் குழந்தைகளைவிட ஆண் குழந்தைகளுக்கு நான்கைந்து மடங்கு அதிகம். அதிலும் தலைப்பிள்ளைக்கு. மேலை நாடுகளில் 1000 குழந்தைகளில் 2 முதல் 4 பேருக்கு வருகிறது. ஆசியக் குழந்தைகளிடம் இதைவிடக் குறைவு. குறைவு என்பதே இங்கே ஒரு சிக்கல். அடிக்கடி பார்க்காத நோய் சட்டென்று நினைவுக்கு வருவதில்லை.

பிறந்த முதல் இரண்டு வாரத்துக்குள் எரித்ரோமைசின் அல்லது அசித்ரோமைசின் கொடுக்கப்பட்ட குழந்தைகளுக்கு ஆபத்து கூடுகிறது. கக்குவான் இருமல் போன்றவற்றுக்கு அந்த மருந்து தேவைப்பட்டால் கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் அடுத்த ஆறு வாரம் வாந்தியைக் கவனித்துக்கொள்ளும்படி பெற்றோரிடம் சொல்லி அனுப்புங்கள். பாட்டில் பால் குடிக்கும் குழந்தைகளிடமும் இந்த நோய் கூடுதலாகக் காணப்படுகிறது.

எல்லாக் குழந்தையும் பால் கக்குகிறதே, இதை எப்படிப் பிரித்தறிவது?

சாதாரணமாகக் கக்கும் பால் கடைவாயில் வழியும். கொஞ்சமாகத்தான் இருக்கும். குழந்தை சிரித்துக்கொண்டே இருக்கும், எடையும் ஏறும். இரைப்பை வாய் அடைப்பில் வாந்தி நாளுக்கு நாள் கூடும். முதலில் ஒரு நாளைக்கு ஓரிரு முறை, பிறகு ஒவ்வொரு தடவை பால் கொடுத்த பின்பும். மடியில் கிடக்கும் குழந்தையின் வாந்தி இரண்டடி தள்ளிப் போய் விழும். திரிந்த பாலாக இருக்கும். அடைப்பு பல நாள் நீடித்தால் பழுப்புத் துணுக்குகள் கலந்து வரலாம். அது இரைப்பைப் புண்ணின் ரத்தம்.

வாந்தியெடுத்த உடனே குழந்தை பசித்து அழுது, மறுபடியும் ஆவலோடு பால் குடிக்கும். கிருமித் தொற்றால் வாந்தியெடுக்கும் குழந்தை சோர்ந்து பாலை மறுக்கும். இந்த ஒரு வேறுபாடு மருத்துவருக்குப் பாதி விடையைச் சொல்லிவிடும். நோய் முற்றிய பிறகு இந்தப் பசியும் அடங்கிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். பால் குடித்த பின் மேல்வயிற்றில் இடமிருந்து வலமாக அலை அலையாக ஏதோ உருண்டு போவது தெரிந்தால் அதையும் சொல்லுங்கள்.

வாந்தியின் நிறம் முக்கியமா?

மிக முக்கியம். பைலோரஸ் அடைப்பில் வாந்தி வெள்ளையாகத்தான் இருக்கும். பித்தம் கலப்பது அந்த வாசலைத் தாண்டிய பிறகுதான். வாந்தி இலைப் பச்சையாக வந்தால் அது வேறு நோய். குடல் முறுக்கிக்கொண்டிருக்கலாம், சில மணி நேரத்தில் குடல் அழுகிவிடும். பச்சை வாந்தி எடுத்த கைக்குழந்தையை விடியட்டும் என்று வைத்திருக்கக் கூடாது. 108-ஐ அழைத்து, குழந்தை அறுவை சிகிச்சைப் பிரிவு உள்ள மருத்துவமனைக்கே நேராகப் போங்கள்.

மருத்துவமனைக்குப் போகும் முன் வீட்டில் எதைக் கவனிக்க வேண்டும்?

சிறுநீரை. ஒரு நாளைக்கு ஆறு துணிக்குக் குறைவாக நனைந்தால் நீர்ச்சத்து குறைகிறது என்று பொருள். உச்சிக்குழி உள்வாங்கியிருக்கிறதா, நாக்கு உலர்ந்திருக்கிறதா, அழும்போது குரல் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். மலம் குறைந்து கரும்பச்சையாக, பிசுபிசுவென்று போகும். இந்த வயதில் நாளொன்றுக்கு 20 முதல் 30 கிராம் எடை ஏற வேண்டும். பிறப்பு எடை குறித்த அட்டையைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். ஒரு வாந்தியைச் செல்போனில் படம் பிடித்துக் காட்டினால் பல நிமிட விளக்கம் மிச்சமாகும்.

செய்யக் கூடாதவையும் உண்டு. தொக்கம் எடுப்பது, வசம்பு உரைத்துக் கொடுப்பது, கிரைப் வாட்டர், ஓமத் தண்ணீர் எதுவும் பருத்த தசையை இளக வைக்காது. தொக்கம் எடுக்கிறேன் என்று தொண்டைக்குள் விரல் விடுவதும் குழல் வைத்து ஊதுவதும் நுரையீரலுக்குள் பால் போக வழி செய்யும். வாந்தியை நிறுத்தும் சொட்டு மருந்தைக் கடையில் கேட்டு வாங்குவதும், பால் சேரவில்லை என்று பவுடரை மாற்றி மாற்றிப் பார்ப்பதும் நாள்களைத்தான் தின்னும். மூன்றாவது பவுடருக்கு மாறிய பிறகே ஸ்கேன் எடுப்பது என்ற நிலை வரவே கூடாது.

மருத்துவர் கையாலேயே கண்டுபிடிக்க முடியுமா?

முடியும், பொறுமை இருந்தால். குழந்தையின் இடப்பக்கம் நின்று, இரைப்பையைக் குழாய் வைத்துக் காலி செய்து, சப்புவதற்குச் சர்க்கரைத் தண்ணீர் தொட்ட ரப்பர் காம்பைக் கொடுத்தால் வயிற்றுத் தசை தளரும். தொடைகளைச் சற்று மடக்கிப் பிடித்துக்கொண்டு, தொப்புளுக்கும் வலது விலா எலும்புக்கும் நடுவே விரல் நுனியால் ஆழமாகத் தடவினால் சிறு நெல்லிக்காய் போல, இறுகிய, வழுக்கி ஓடும் கட்டி தட்டுப்படும். அது உறுதியாகத் தெரிந்துவிட்டால் ஸ்கேனே தேவையில்லை. இன்று ஸ்கேன் எளிதாகக் கிடைப்பதால் இந்தக் கைத்திறன் மங்கி வருகிறது. ஸ்கேன் இல்லாத ஊரில் பணிபுரிபவர்கள் இதை விட்டுவிடக் கூடாது.

ஸ்கேனில் என்ன அளவு பார்க்கிறார்கள்?

உயர் அதிர்வெண் லீனியர் புரோப் (தட்டையான முனையுள்ள ஸ்கேன் கருவி) கொண்டு அல்ட்ராசவுண்ட் எடுப்பார்கள். தசையின் ஒரு பக்கத் தடிமன் 3 மி.மீ. அல்லது அதற்கு மேல், பைலோரஸ் பாதையின் நீளம் 15 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தால் நோய் உறுதி. அளவைவிடவும் முக்கியமானது, பார்த்துக்கொண்டிருக்கும்போது அந்தப் பாதை திறந்து பால் இறங்குகிறதா என்பது.

தவறு நேரும் இடங்கள் மூன்று. தசையைச் சாய்வான கோணத்தில் படமெடுத்தால் தடிமன் பொய்யாகக் கூடும்; பாதையின் நடுக்கோட்டில் நீளவாட்டில்தான் அளக்க வேண்டும். இரைப்பை அளவுக்கு மீறி நிரம்பியிருந்தால் பைலோரஸ் பின்னால் தள்ளப்பட்டு மறைந்துவிடும். குழாய் வைத்துக் கொஞ்சம் இறக்கிவிட்டு, குழந்தையை வலப்பக்கமாகச் சாய்த்துப் பார்க்க வேண்டும். மூன்றாவது, தற்காலிக இறுக்கம். அதில் தசை சில நிமிடம் தடித்துத் தெரிந்து பிறகு தளரும். அதனால் ஒரு நொடிப் படத்தை வைத்து முடிவு சொல்லாமல் சற்று நேரம் காத்துப் பார்ப்பது நல்லது.

தசைத் தடிமன் 2.5 மி.மீ.க்கும் 3 மி.மீ.க்கும் இடையே இருந்தால் குழந்தையை மருத்துவமனையில் வைத்துக்கொண்டு ஓரிரு நாள் கழித்து மறுபடி எடுக்க வேண்டும். குறைமாதக் குழந்தைக்கும் மூன்று வாரம் ஆகாத குழந்தைக்கும் நோய் இருந்தாலும் அளவு சற்றுக் குறைவாகவே காட்டலாம். பேரியம் என்ற சாய மருந்தைக் கொடுத்து எடுக்கும் எக்ஸ்ரே இப்போது அரிதாகத்தான் தேவைப்படுகிறது. எடுத்தால், மிச்சமுள்ள பேரியத்தைக் குழாய் வழியே உறிஞ்சி எடுத்த பிறகே மயக்க மருந்து கொடுக்க வேண்டும்.

நோய் உறுதியான பிறகும் உடனே ஆபரேஷன் செய்யாமல் ஒரு நாள், இரண்டு நாள் வைத்திருக்கிறார்களே, ஏன்?

பெற்றோரைப் பதற வைக்கும் கேள்வி இது. அந்தக் காத்திருப்பும் சிகிச்சைதான். முழுச் சிகிச்சையில் அதிகக் கவனம் வேண்டிய பகுதியும் அதுவே. உப்பு சரியாகும் முன் இந்த ஆபரேஷனை ஒருபோதும் அவசரமாகச் செய்யக் கூடாது.

வாந்தியில் வெறும் பால் போவதில்லை. இரைப்பையின் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் போகிறது. அமிலம் போகப் போக ரத்தத்தில் குளோரைடு இறங்குகிறது, காரப் பொருளான பைகார்பனேட் ஏறுகிறது, ரத்தம் காரத்தன்மை கொண்டதாகிறது. நீர்ச்சத்தும் குறைவதால் சிறுநீரகம் சோடியத்தைத் தக்கவைக்கப் பார்க்கிறது. அதற்கு ஈடாகப் பொட்டாசியத்தை வெளியேற்றுகிறது; அதுவும் தீர்ந்து வரும்போது அமிலத்தையே சிறுநீரில் விடுகிறது. ரத்தம் காரமாக இருக்கும்போதே சிறுநீர் அமிலமாக இறங்குவது உடல் எல்லைக்கு வந்துவிட்டதற்கு அடையாளம். குளோரைடைத் திருப்பிக் கொடுக்காதவரை இந்தச் சுழல் நிற்காது.

ரத்தம் காரமாக இருந்தால் மூளை மூச்சைக் குறைத்துவிடும். அந்த நிலையில் மயக்க மருந்தும் சேர்ந்தால் ஆபரேஷன் முடிந்த பிறகு குழந்தை மூச்சுவிடாமல் நின்றுவிடலாம். இந்த நோயில் ஆபத்தான கட்டம் அறுவையைவிட இதுதான். குளோரைடு லிட்டருக்கு 100 மில்லி ஈக்விவலன்டைத் (உப்புகளை அளக்கும் அலகு) தொட வேண்டும், பைகார்பனேட் 28-க்குக் கீழே இறங்க வேண்டும், பொட்டாசியம் 3.5-க்கு மேல் இருக்க வேண்டும், சிறுநீர் நன்றாகப் போக வேண்டும். இந்த அளவுகள் வராவிட்டால் மயக்க மருந்து மருத்துவர் மறுப்பது சரியே.

எந்த ட்ரிப்ஸ், எவ்வளவு?

3.5 கிலோ குழந்தையை எடுத்துக்கொள்வோம். நீர்ச்சத்துக் குறைவு வெளிப்படையாகத் தெரிந்தால் முதலில் நார்மல் சலைன் கிலோவுக்கு 20 மி.லி., அதாவது 70 மி.லி. தேவைப்பட்டால் மறுபடி பரிசோதித்துவிட்டு இன்னொரு முறை கொடுக்கலாம். பிறகு 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் கலந்த நார்மல் சலைன் அல்லது அரை நார்மல் சலைன், நாளொன்றுக்குக் கிலோவுக்கு 150 மி.லி. இந்தக் குழந்தைக்கு அது 525 மி.லி., மணிக்கு ஏறக்குறைய 22 மி.லி.

சிறுநீர் போகத் தொடங்கிய பிறகுதான் பொட்டாசியம் சேர்க்க வேண்டும். லிட்டருக்கு 20 மில்லி ஈக்விவலன்ட். நம் மருத்துவமனைகளில் கிடைக்கும் 15 சதவீதப் பொட்டாசியம் குளோரைடு ஆம்பூலில் 1 மி.லி.க்கு 2 மில்லி ஈக்விவலன்ட் இருக்கிறது. ஆகவே 500 மி.லி. பாட்டிலுக்கு 5 மி.லி. போதும். பாட்டிலைப் பலமுறை தலைகீழாகக் கவிழ்த்துக் கலக்க வேண்டும். கலக்காவிட்டால் அடியில் தங்கிய பொட்டாசியம் முதலில் இறங்கி இதயத்தை நிறுத்திவிடும். ஆம்பூலிலிருந்து நேராக நரம்பில் ஏற்றவே கூடாது.

ரிங்கர் லாக்டேட் வேண்டாம். அதிலுள்ள லாக்டேட் உடலில் பைகார்பனேட்டாக மாறும். ஏற்கெனவே கூடிக் கிடப்பது அதுதான். உப்பில்லாத வெறும் டெக்ஸ்ட்ரோஸும் வேண்டாம். சோடியம் இறங்கி வலிப்பு வரும்.

ரத்த உப்புகளின் அளவும் (எலக்ட்ரோலைட்) ரத்தத்தின் அமில-கார நிலையும் (ப்ளட் கேஸ்) ஆறு முதல் எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். இரைப்பைக் குழாய் போட்டிருந்தால் அதில் வெளியேறும் ஒவ்வொரு மி.லி.க்கும் ஈடாக நார்மல் சலைனைத் தனியாகக் கொடுக்க வேண்டும். இதை மறந்துவிட்டு குளோரைடு ஏன் ஏறவில்லை என்று குழம்புவது வார்டுகளில் நடக்கிறது. ரத்தத்தில் பொட்டாசியம் இயல்பாகக் காட்டினாலும் உடலுக்குள் இருப்பு வற்றியிருக்கக் கூடும்.

பொட்டாசியம் கூடுதலாக வந்தால்?

நிறுத்தி யோசியுங்கள். இரண்டு மூன்று வார ஆண் குழந்தை, வாந்தி, எடை இறக்கம், ஆனால் பொட்டாசியம் உயர்ந்து, சோடியம் தாழ்ந்து, ரத்தம் அமிலமாக இருக்கிறது என்றால் அது அட்ரினல் சுரப்பியின் பிறவிக் குறைபாடாக இருக்கலாம். அதற்கு ஹைட்ரோகார்டிசோன் தாமதமானால் உயிர் போகும். ரத்த முடிவு வரும் முன் பொட்டாசியம் சேர்க்கக் கூடாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம். சிறுநீர்த் தொற்று, மூளைக்காய்ச்சல், தலைக்குள் அழுத்தம், பசும்பால் புரத ஒவ்வாமை ஆகியவையும் வாந்தியாகவே தொடங்கலாம்.

அறுவை சிகிச்சையில் என்ன செய்கிறார்கள்?

பருத்த தசையை நீளவாட்டில் பிளந்து அப்படியே விட்டுவிடுவதுதான். தசையை வெட்டி எடுப்பதில்லை, தைப்பதும் இல்லை. கோபன்ஹேகன் மருத்துவர் ஹிர்ஷ்ஸ்ப்ருங் 1887-இல் இந்த நோயைத் தெளிவாக விவரித்தபோது அதற்குச் சரியான சிகிச்சை இல்லை. 1911-இல் ஜெர்மனியில் ராம்ஸ்டெட் தசையைப் பிளந்துவிட்டுக் குறுக்காகத் தைக்க முயன்றார். தையல் தசையை அறுத்துக்கொண்டு வந்தது. தைக்காமலே விட்டார், குழந்தை பிழைத்தது. இன்றும் உலகெங்கும் செய்யப்படுவது அதே அறுவைதான்.

மயக்கம் கொடுக்கும் முன், ஏற்கெனவே குழாய் இருந்தாலும், அகலமான குழாயை வாய்வழி விட்டு மல்லாக்க, இடம், வலம் என்று குழந்தையைத் திருப்பி இரைப்பையைக் காலி செய்ய வேண்டும். பிறகு தொப்புளின் மேல் விளிம்பிலோ வலது மேல்வயிற்றிலோ சிறு கீறல், அல்லது சிறு துளைகள் வழியே கேமராவும் கருவிகளும் விட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பி. ரத்தக் குழாய் குறைந்த முன்புறத்தில் மேலுறையை மட்டும் கீறி, ஸ்ப்ரெடர் என்ற விரிப்புக் கருவி கொண்டு தசையை விரித்தால், வெண்மையான உட்படலம் பிதுங்கி மேலே வரும். பிளந்த இரு பாதிகளும் ஒன்றைவிட்டு ஒன்று தனித்தனியே அசைந்தால் பிளவு போதுமானது.

கவனம் வேண்டிய இடம் முன்சிறுகுடல் பக்க முனை. அங்கே தசை சட்டென்று முடிந்து உட்படலம் மேலே வந்துவிடும். ஓட்டை விழுவது பெரும்பாலும் அங்கேதான். அந்தப் பயத்தில் இரைப்பைப் பக்கமும் குறைவாகப் பிளந்தால் அடைப்பு மிச்சமாகும். முடிவில் குழாய் வழியே காற்றைச் செலுத்தி, குமிழியோ பித்தமோ கசிகிறதா என்று பார்க்க வேண்டும். ஓட்டை அப்போதே தெரிந்து தைத்துவிட்டால் பெரிய பாதிப்பில்லை. தெரியாமல் வயிற்றை மூடிவிட்டால் மறுநாள் குழந்தையின் உயிருக்கே ஆபத்து.

லேப்ராஸ்கோப்பியா, திறந்த அறுவையா என்று அலைய வேண்டியதில்லை. குழந்தை அறுவை சிகிச்சை நிபுணரும், கைக்குழந்தைகளுக்கு மயக்கம் கொடுத்துப் பழகியவரும், எலக்ட்ரோலைட் பார்க்கும் ஆய்வகமும் இருக்கும் இடம் எது என்பதே பார்க்க வேண்டியது.

மருந்தாலேயே சரிசெய்ய முடியாதா?

அட்ரோபின் ஊசியால் தசையைத் தளர்த்தும் முறை ஜப்பானில் நன்றாகப் பயன்பட்டிருக்கிறது. பல குழந்தைகளுக்குப் பலனளிக்கிறது. ஆனால் மருத்துவமனையில் பல நாள் ஊசியும், பிறகு வாரக்கணக்கில் வாய்வழி மருந்தும் வேண்டும். இதயத்துடிப்பைக் கண்காணிக்க வேண்டும். பலிக்காதவர்களுக்குக் கடைசியில் ஆபரேஷன்தான். மயக்க மருந்து தாங்காத இதய நோயுள்ள குழந்தை போன்றவர்களுக்கு இது பயன்படும்.

ஆபரேஷனுக்குப் பிறகு எப்போது பால் கொடுக்கலாம்? மறுபடி வாந்தியெடுத்தால்?

நன்றாக விழித்த பிறகு, நான்கிலிருந்து ஆறு மணி நேரத்தில் தாய்ப்பால் தொடங்கலாம். குழந்தை கேட்கும் அளவுக்குக் கொடுக்கலாம். ஆபரேஷனுக்காகப் பால் நிறுத்தி வைத்திருக்கும் நாள்களில் தாய் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பாலைப் பீய்ச்சி எடுத்துவந்தால் சுரப்பு வற்றாது. வார்டு செவிலியர் இதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

முதல் ஓரிரு நாள் சிலமுறை வாந்தி வருவது வழக்கம். இரைப்பை வீங்கியிருக்கிறது, அவ்வளவே. பாலை நிறுத்தாமல் சற்று இடைவெளி விட்டு மறுபடி கொடுங்கள். முழுதாகப் பால் குடிக்கும்வரை டெக்ஸ்ட்ரோஸ் ட்ரிப்ஸை எடுக்கக் கூடாது. கல்லீரலில் சர்க்கரை இருப்பு இல்லாத குழந்தைக்கு ரத்தச் சர்க்கரை திடீரென்று இறங்கும். முதல் 24 மணி நேரம் மூச்சையும் ஆக்சிஜன் அளவையும் மானிட்டரில் பார்க்க வேண்டும். வலிக்குப் பாராசிட்டமால் போதும். மார்ஃபின் வகை மருந்துகள் மூச்சை மேலும் மந்தமாக்கும்.

வயிறு உப்பி, காய்ச்சலோடு குழந்தை முனகினால் கசிவு இருக்கலாம், உடனே பார்க்க வேண்டும். ஒரு வாரம் கடந்தும் குடித்ததெல்லாம் வாந்தியாக வந்தால் பிளவு போதவில்லையோ என்று சந்தேகிக்கலாம். அப்போது அல்ட்ராசவுண்ட் உதவாது. நன்றாகக் குணமான குழந்தைக்கும் தசை பல வாரம் தடித்தே தெரியும். சாய மருந்து கொடுத்து எடுக்கும் எக்ஸ்ரேதான் விடை சொல்லும்.

பெரும்பாலான குழந்தைகள் ஓரிரு நாளில் வீடு திரும்புகின்றன. தடுப்பூசிகளைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. இந்த நோய் திரும்ப வருவதில்லை.

பிறந்த முதல் நாளிலிருந்தே வெள்ளை வாந்தி என்றால்?

அது பெரும்பாலும் பைலோரிக் ஸ்டெனோசிஸ் இல்லை. இரைப்பை வாய் கருவிலேயே மூடிக்கொண்ட பைலோரிக் அட்ரீசியாவாக இருக்கலாம். ஏறக்குறைய ஒரு லட்சம் பிறப்பில் ஒன்று. கர்ப்பத்தில் பனிக்குட நீர் அதிகமாக இருந்திருக்கும். எக்ஸ்ரேயில் இரைப்பைக் காற்று ஒற்றைக் குமிழியாகத் தெரியும், அதற்குக் கீழே குடலில் காற்றே இராது. இரண்டு குமிழி தெரிந்தால் அடைப்பு முன்சிறுகுடலில்.

அடைப்பு மெல்லிய சவ்வாக இருக்கலாம், கெட்டியான திசுக் கயிறாக இருக்கலாம், இரைப்பையும் குடலும் இடைவெளி விட்டுப் பிரிந்தும் இருக்கலாம். சவ்வு என்றால் அதை வெட்டியெடுத்து வாயை அகலப்படுத்துவார்கள். மற்றவற்றுக்கு இரைப்பையை நேராக முன்சிறுகுடலோடு இணைப்பார்கள். நடுவில் துளையுள்ள சவ்வு என்றால் பால் ஓரளவு இறங்கும்; அதனால் மாதக்கணக்கில் கண்டுபிடிக்கப்படாமலும் இருக்கலாம்.

இந்தக் குழந்தையின் தோலைக் கட்டாயம் பார்க்க வேண்டும். தொட்ட இடத்தில் கொப்புளம் எழுந்தால், தோலையும் குடல் உட்படலத்தையும் பிடித்துவைக்கும் இன்டெக்ரின் புரதம் குறைபட்ட எபிடெர்மோலைசிஸ் புல்லோசா என்ற பிறவித் தோல் நோய் சேர்ந்திருக்கிறது. அப்படியானால் பிளாஸ்டர் ஒட்டக் கூடாது. ட்ரிப்ஸ் ஊசியையும் குழாயையும் சிலிகான் பட்டை அல்லது மென்துணிச் சுற்றால்தான் நிறுத்த வேண்டும். தோல் பாதிப்பு கடுமையாக இருந்தால் அடைப்பை நீக்கிய பிறகும் குழந்தை பிழைப்பது கடினம். இதைப் பெற்றோரிடம் அறுவைக்கு முன்பே பரிவோடு, மறைக்காமல் பேச வேண்டும்.

அடுத்த குழந்தைக்கும் வருமா?

பைலோரிக் ஸ்டெனோசிஸ் குடும்பத்தில் ஓரளவு தொடர்கிறது. பழைய குடும்ப ஆய்வுகளில், குழந்தைப் பருவத்தில் இந்த நோய் இருந்த தாயின் மகன்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு அது வந்தது. தந்தைக்கு இருந்திருந்தால் மகன்களில் இருபதில் ஒருவருக்கு. கர்ப்ப ஸ்கேனில் இதைப் பார்க்க முடியாது. இரண்டாவது வாரத்திலிருந்து எடையைக் கவனித்து, வாந்தி கூடினால் காத்திராமல் ஸ்கேன் எடுப்பதே வழி.

தோல் நோயோடு வரும் பைலோரிக் அட்ரீசியாவின் கணக்கு வேறு. பெற்றோர் இருவரிடமும் மறைந்திருக்கும் மரபணுவால் வருவதால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒன்று வாய்ப்பு. மாமன் மகள், அத்தை மகன், தாய்மாமன் என்று சொந்தத்தில் மணந்தவர்களிடம் இப்படி இருவருமே ஒரே மரபணுவைச் சுமக்கும் வாய்ப்பு கூடுதல். பாதிக்கப்பட்ட குழந்தையின் ரத்தத்தில் மரபணுச் சோதனை செய்து வைத்தால், அடுத்த கர்ப்பத்தில் 11-ஆவது வாரத்திலிருந்து நஞ்சுக்கொடித் திசுவை எடுத்துப் பார்க்க முடியும். குழந்தை இறந்துபோகும் நிலையில் இருந்தாலும் அந்த ரத்த மாதிரியைப் பெற்றோரின் சம்மதத்தோடு எடுத்து வைக்க வேண்டும். பிறகு கேட்டால் கிடைக்காது.